முதுகில் ஓர் அலை

நஞ்சப்பன் செய்த பிழை மிகச் சிறியது. இரண்டு விரல் அகலமுள்ள ஒரு நாடாவை அவிழ்த்தான், திரும்பக் கட்டவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதைச் செய்தது மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்த காற்று.

காற்றுச் சுரங்கத்துக்குள் பந்தய பைக்கின் மேல் கவிழ்ந்து படுத்திருந்த பட்டம்மா முதலில் லேசாகத் தலையை ஆட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நஞ்சப்பன், "பாய், பாருங்க, என்னமோ சம்மதிக்கறா" என்று தலைமை மெக்கானிக் காதர் பாயிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டாள். சுரங்கத்தின் மறுமுனையில் கட்டியிருந்த வலையைக் கிழித்துக்கொண்டு, திறந்திருந்த பெரிய கதவு வழியே முற்றத்துக்குப் பறந்து, அந்த நேரம் பார்த்து வந்து நின்ற முதலாளியம்மாவின் காரின் முன்கண்ணாடியில் போய் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ஒரு கால் கழன்று வேப்பமரத்தடிக்குப் போயிற்று.

பட்டம்மா ஒரு துணிக்கடைப் பொம்மை. ஒப்பணக்காரத் தெருவில் இழுத்து மூடப்பட்ட ஒரு பட்டுக் கடையிலிருந்து காதர் பாய் வாங்கி வந்தது. முப்பது வருடம் வாசலில் நின்று வணக்கம் வைத்த கைகளை அறுத்து, சுருள்கம்பி வைத்து, கைப்பிடியைப் பிடிக்கும்படி செய்திருந்தார். பிடி விட்டதும் கைகள் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன. கார் கண்ணாடிக்கு வெளியே ஒற்றைக் காலோடு ஒருத்தி கைகூப்பிக் கிடப்பதை உள்ளே இருந்த தெய்வநாயகி அம்மாள் சற்று நேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏப்பா நஞ்சப்பா, வரவேற்க ஆள் அனுப்பணும்னா கையில ஒரு பூமாலையாச்சும் குடுத்து அனுப்பக் கூடாதா?"

"நாடா கட்ட மறந்துட்டனுங்கம்மா."

"எதுக்கு அவுத்தே?"

அதுதான் சொல்ல வெட்கமான விஷயம். பட்டம்மாவை இருக்கையோடு கட்டிய நாடாவின் முடிச்சு காற்றில் படபடத்ததால், காற்று எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று காட்டும் இழுவை எண்ணில் மூன்றாம் இலக்கத்தில் ஒன்று கூடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றைக் குறைப்பதற்காக அவிழ்த்தான். குறைந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் மீதியை மறந்துபோனான்.

நஞ்சப்பன் இருபது வருடம் அந்த அம்மாளின் பம்ப் கம்பெனியில் தண்ணீர் சுழலும் சக்கரங்களை வரைந்தவன். அவர் பந்தய அணி தொடங்கியபோது, "தண்ணியும் காத்தும் ஒண்ணுதானுங்கம்மா, ஒண்ணு நனைக்கும், இன்னொண்ணு நனைக்காது" என்று வாயைக் கொடுத்து இந்த வேலையை வாங்கிக்கொண்டான். இப்போது அவன் தினமும் வியர்வையில் நனைகிறான்.

"பொம்மை போச்சு. இனி?" என்றார் அம்மாள்.

இனி என்ன, உயிருள்ள ஆள்தான். ஆளை உட்காரவைத்துச் சுரங்கத்தில் வேகக் காற்று விடப் பந்தயங்களை நடத்தும் குழு அனுமதிப்பதில்லை. ஆகவே டிராக். தகுதி ஓட்டத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

*

பல்லடம் சாலையில் காற்றாலைகளுக்கு நடுவே கிடந்தது கள்ளிமேடு டிராக். பெட்ரோல் வண்டிகள் கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் என்று ஆகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மின்சார பைக்குகளுக்கு இரைச்சல் கிடையாது. அதனால் முந்நூறை நெருங்கும் வேகத்தில் ஒரு பைக் போகும்போது கேட்பது காற்று மட்டும்தான், யாரோ நீளமான துணியைக் கிழிப்பது போல.

அணியின் ஓட்டுநர் ஜெசிந்தா கைகளை அகல விரித்து நின்றாள். காதர் பாய் அவள் மேல் சட்டையை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் அதற்குப் பெயர் வெறும் 'சட்டை'தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை வரும்.

"இன்னொருக்கா சொல்லுங்ணா," என்றாள் பக்கத்தில் நின்ற நஞ்சப்பனிடம். "பேட்டி எடுக்கறவங்க கேட்டா நான் முழிக்கக் கூடாதில்ல."

"இதுல நாப்பதாயிரம் அறை இருக்குது அம்மிணி. ஒவ்வொண்ணும் அரிசி அளவு. காத்து எங்க முட்டுதுன்னு ஒவ்வொண்ணும் தொட்டுப் பார்க்கும். தேவையான எடத்துல இறுகும், தேவையான எடத்துல உப்பும். செகண்டுக்கு நூறு தடவை."

"எங்க இறுகணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலை. அதுவா கத்துக்கிட்டது. நாலு மாசம் பட்டம்மா மேல கெடந்து கத்துக்கிட்டது. இழுவை எண் குறையணும், அது ஒண்ணுதான் நான் சொன்னது."

"வண்டியைச் செதுக்கினா பத்தாதா? என்னையும் செதுக்கணுமா?"

"வண்டியில செதுக்க இனி ஒண்ணுமில்ல. காத்து முட்டறதுல பாதிக்கு மேல உன் மேலதான் முட்டுது."

"ஆக, நான் எறங்கிட்டா வண்டி நல்லா ஓடும்."

"குழுவும் அதைத்தானே சொல்லுது."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

குழு அதைத்தான் சொல்லியிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து ஆளில்லா பைக்குகள் மட்டும். மேலே மனிதர் இல்லை, முட்டுவதற்கு முதுகு இல்லை, விழுந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் இல்லை. கள்ளிமேட்டில் ஆளில்லா வண்டி எடுத்த நேரம் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி. ஓட்டுநர்கள் கூடிக் கெஞ்சியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. தகுதி ஓட்டத்தன்று யாராவது ஒருவர் ஒன்று நாற்பத்தொன்றுக்குள் ஒரு சுற்றை முடித்துக் காட்டினால், ஆளுள்ள பிரிவு இன்னும் ஐந்து வருடம் நடக்கும். ஜெசிந்தாவின் சிறந்த நேரம் ஒன்று நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. மற்றவர்கள் அதற்கும் பின்னால்.

போத்தனூர்க்காரி. ஆறு வருடம் பார்சல் கொண்டுபோகும் வேலை பார்த்தவள். வானத்தில் பறக்கும் பெட்டிகள் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டன. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பாள். அதுவும் போனால் மூன்றாவதாக என்ன என்று யாராவது கேட்டால், "உங்க வீட்டுக்கு வந்துடறேன், சோறு போடுங்க" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நஞ்சப்பனும் சிரித்திருக்கிறான். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்காது.

*

முதல் நாள் எண் மோசமாக வந்தது.

டிராக்கின் பின்பக்கம் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு நேர்பாதை. இருபத்திரண்டு நொடி முழு வேகம். சட்டைக்குச் சோதனை அங்கேதான். பட்டம்மாவின் மேல் தண்டவாளம் மாதிரி நேராக ஓடிய இழுவைக் கோடு, ஜெசிந்தாவின் மேல் அலை அலையாக வந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நஞ்சப்பன் பட்டையைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், பைக்கின் முன்னிறக்கையைக் கழற்றி மாட்டினான். அலை அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் அலை சின்னதாயிற்று. ஐந்தாம் நாள் காணாமல் போயிற்று. கோடு நேராகப் படுத்துக்கொண்டது. நேரம் ஒன்று நாற்பத்தொன்று புள்ளி ஆறு. அதற்கடுத்த நாள் புள்ளி மூன்று.

"கத்துக்கிச்சு பாய்!" என்று நஞ்சப்பன் குதித்தான். "பட்டம்மாவை விட்டுட்டு புது உடம்பைக் கத்துக்கிச்சு!"

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலியைத் துடைத்தார். மின்சார பைக்கின் அந்தச் சங்கிலியில் துடைக்க ஒன்றுமே இல்லை.

இன்னும் மூன்றில் ஒரு நொடி குறைந்தால் போதும். அந்தத் துளி எங்கே தொலைகிறது என்பதும் நஞ்சப்பனுக்குத் தெரிந்துவிட்டது. நேர்பாதையின் முடிவில், வளைவுக்கு இருநூறு மீட்டர் என்று பலகை இருக்கும் இடம். அங்கேதான் பிரேக் பிடிக்க வேண்டும். ஜெசிந்தா அதற்கு முன்பே, முந்நூறு மீட்டர் பலகையிலேயே, சட்டையை மீறித் தலையைத் தூக்கிவிடுகிறாள். தலை எழுந்ததும் காற்று நெஞ்சில் அடித்து வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏன்?

"பாலக்காட்டுக் காத்துங்ணா," என்றாள் ஜெசிந்தா. "அந்த எடத்துல பக்கவாட்டுல அடிக்குது."

அவன் போய் அந்தப் பலகையடியில் காற்றுமானியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றான். டிராக் முழுக்க அடிக்கும் அதே கணவாய்க் காற்றுதான் அங்கேயும் அடித்தது. கூடுதலாக ஒன்றுமில்லை. அவன் தொப்பியை மட்டும் கொண்டுபோயிற்று.

"பிரேக் கொஞ்சம் சூடாகுதுங்ணா."

பிரேக்கை மாற்றினான். அதே முந்நூறு.

"வெயில் கண்ணுல படுது."

காலையில் ஓடவிட்டான். மாலையில் ஓடவிட்டான். முந்நூறு, முந்நூறு.

"பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. உங்ககிட்டத்தான் ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுக்கறா."

"நான் வண்டியைப் பார்க்கிறவன் தம்பி. ஆளைப் பார்க்கிறதில்ல. டீ சாப்பிட்டீங்களா?"

"மூணு சாப்பிட்டாச்சு!"

"நாலாவது சொல்லட்டுமா?"

தெய்வநாயகி அம்மாளிடம் போனான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் ஒரு பேச்சை முடிக்கிற முறை.

"நஞ்சப்பா, உன் வேலை எண். எண் குறையுதா?"

"குறையுதுங்கம்மா, ஆனா—"

"அதைப் பாரு."

சொந்த அணியில் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேலுறை போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. எந்தக் கேள்வியை எறிந்தாலும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒன்றும் முட்டுவதில்லை. காற்றியக்கத்தில் இந்த அணி எங்கேயோ போய்விட்டது, தனக்குத்தான் தெரியவில்லை. அவன் கடுப்பில் ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். அது ரப்பர் விரிப்பில் விழுந்து சத்தம்கூடப் போடவில்லை.

*

பிறகு மூன்று நாள் சாரல். டிராக்கை மூடிவிட்டார்கள். ஜெசிந்தா வீட்டுக்குப் போய்விட்டாள். தகர ஷெட்டில் நஞ்சப்பன் மட்டும் பத்து நாளுக்கான கோடுகளைக் காகிதத்தில் எடுத்து, ஒட்டி, மேசை நீளத்துக்கு விரித்துவைத்து உட்கார்ந்திருந்தான். திரையில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது.

அவனுடைய வயிறு பற்றி வீட்டில் தனிக் கருத்து உண்டு. மேசையோடு ஒட்டி உட்கார்ந்தால் அதுதான் முதலில் போய் உட்காரும். காகிதத்தின் ஓரம் அதன் மேல் கிடந்தது. மழைச் சத்தத்தில் அவன் ஏறக்குறைய தூங்கிவிட்ட நிலையில், காகிதம் மெல்ல அந்தப் பக்கம் போவதையும் இந்தப் பக்கம் வருவதையும் பார்த்தான். போயிற்று. வந்தது. போயிற்று. வந்தது. தள்ளுவது தன் தொப்பை என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் அவன் முதல் நாள் கோட்டைப் பார்த்தான்.

ஏற்றம், இறக்கம். ஏற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு இரண்டு நொடி சொச்சம். பயத்திலும் வேகத்திலும் நாடி நூற்றெழுபதில் அடிக்கும் ஓர் உடம்பு மூச்சு வாங்கும் வேகம்.

மூச்சு இழுத்தால் முதுகு ஒரு விரல் உயரும். விட்டால் இறங்கும். அந்த ஒரு விரல்தான் அலை.

சட்டை படித்த உடம்பு பட்டம்மாவுடையது. பட்டம்மாவுக்கு நுரையீரல் கிடையாது. நாலு மாதம் அசையாத முதுகைப் படித்த சட்டைக்கு, அசையும் முதுகு என்றால் பிழை. தளர்ந்த நாடா மாதிரி, படபடக்கும் முடிச்சு மாதிரி. பிழையைக் கண்டால் இறுக்கு, எண்ணைக் குறை. அதைத்தான் அவன் சொல்லிவைத்திருந்தான். இரண்டு நாள் முயன்றது, மூன்றாம் நாள் பாதி வென்றது, ஐந்தாம் நாள் கோடு நேரானது.

இருபத்திரண்டு நொடி. ஐந்து மாடி ஓடி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மூக்கையும் வாயையும் பொத்தினால் எப்படி இருக்கும்? முந்நூறு மீட்டர் பலகை வரைக்கும் தாங்கியிருக்கிறாள். அதற்கு மேல் முடியாமல் தலையைத் தூக்கிச் சட்டையின் பிடியைப் பிய்த்திருக்கிறாள். இவன் வெயிலில் காற்றுமானியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

குடையை எடுக்காமல் எழுந்து முற்றத்தைத் தாண்டி ஓடினான். காதர் பாய் பாகங்கள் வைக்கும் அறையில் இருந்தார்.

"பாய், அவளால மூச்சு விட முடியலை. தெரியுமா உங்களுக்கு?"

பாய் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "நாலாம் நாள் ஹெல்மெட்டைக் கழட்டினப்ப உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு தம்பி."

"சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். 'பாய், வாயைத் திறந்தீங்கன்னா இந்தப் பெருநாளுக்கு உங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன்'ட்டா. தேன் கலந்து தண்ணி குடுத்தேன். என்னால ஆனது அதுதான்."

தெய்வநாயகி அம்மாள் மாடி அறையில் இருந்தார். சொட்டச் சொட்ட வந்து நின்றவனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இந்த முறை துடைக்கவில்லை.

"அவளைப் பார்த்த டாக்டரோட சீட்டு எனக்கு வந்துச்சு. அவளையும் கூப்பிட்டுக் கேட்டேன். தெரிஞ்சேதான் ஓட்டறேன்னா."

"எனக்கு மட்டும் ஏனுங்கம்மா சொல்லலை? செஞ்சவன் நானு!"

"நீ என்ன பண்ணியிருப்பே?"

"அன்னைக்கே கழட்டியிருப்பேன்."

"அதுக்குத்தான்," என்றார் அம்மாள்.

இளகின மனசுக்காரன் என்று அவனை நாலு பேர் பாராட்டியதுண்டு. ஒருவர் மூச்சு முட்டுவதை மறைப்பதற்கு அது ஒரு காரணமாக ஆகும் என்று யாரும் சொன்னதில்லை.

"மூச்சுக்கு எடம் விட்டு மாத்தி எழுதறேன்," என்றான். "ரெண்டு நாள் குடுங்க. நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும். இல்லைன்னா இந்தச் சட்டையை நானே வெட்டிப் போடுவேன்."

"மாத்து," என்றார் அவர், கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு. "அவகிட்ட நீயே சொல்லு."

சொன்னான். ஜெசிந்தா தொலைபேசியில், "சரிங்ணா" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

*

புதுச் சட்டை நல்ல சட்டை. விலா எலும்பின் மேலும் முதுகின் நடுவிலும் உள்ள அறைகளுக்கு அவன் தெளிவாகச் சொல்லியிருந்தான்: இந்த இடம் ஏறும், இறங்கும், அது பிழை இல்லை, தொடாதே. தன் மேல் போர்த்திச் சோதித்தும் பார்த்தான். கணிசமான அசைவுள்ள வயிறு என்பதால் சோதனை திருப்தியாக இருந்தது. கணக்குப்படி நேரம் ஒன்று நாற்பத்தொன்று புள்ளி ஏழுக்குப் போகும். தகுதி கிடைக்காது. ஆனால் ஆள் இருப்பாள்.

தகுதி ஓட்டத்தன்று காலையில் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு விட்டார்கள். முதல் இரண்டு சுற்று அலை வந்தது. ஏற்றம், இறக்கம். நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் அசிங்கமான கோட்டைப் பார்த்து அழுகிற முதல் காற்றியக்க நிபுணன் தான்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் சுற்றில் அலை நின்றுவிட்டது.

தண்டவாளம் மாதிரி நேரான கோடு. முந்நூறு மீட்டர் பலகையைத் தாண்டியும் தலை எழவில்லை. சரியாக இருநூறில் எழுந்தது. நேரம் ஒன்று நாற்பது புள்ளி எட்டு.

ஷெட்டில் எல்லாரும் கத்தினார்கள். வேறு அணிகளின் ஓட்டுநர்கள் சுவரைத் தாண்டி வந்து காதர் பாயைக் கட்டிப் பிடித்தார்கள். அவர்களுடைய பிழைப்பும் அந்த எண்ணில்தான் இருந்தது. தெய்வநாயகி அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மேலே கூரையைப் பார்த்தார். நஞ்சப்பன் மட்டும் திரையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

சட்டையில் பழைய கட்டளை ஏறிவிட்டதா? பார்த்தான். புதியதுதான். விலா அறைகள் இறுகுகின்றனவா? ஒவ்வொன்றாகப் பார்த்தான். நாற்பதாயிரத்தில் ஒன்றுகூட இறுகவில்லை. சட்டை தளர்ந்து, இடம் விட்டு, காத்துக்கொண்டிருந்தது. முதுகுதான் ஏறவில்லை.

"பாய், இதைப் பாருங்க."

"நேரம் வந்துருச்சு தம்பி. அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க."

"அம்மா, கோடு நேரா இருக்குதுங்க."

"நேராத்தானே இருக்கணும்?"

"இருக்கக் கூடாதுங்க!"

யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் குழுவிலிருந்து ஒரு பெண் கையில் அட்டையோடு வந்தாள். அணிந்திருக்கும் கருவிகள் பற்றி வடிவமைத்தவர் கையெழுத்திட வேண்டிய படிவம். நஞ்சப்பன் வாசித்தான். அணிகருவி ஓட்டுநரின் உடல் இயக்கத்தை எவ்விதத்திலேனும் கட்டுப்படுத்துகிறதா? ஆம். இல்லை. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க," என்று படிவத்தோடு போனான்.

ஜெசிந்தா டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில். உதட்டில் நிறம் சரியாகவே இருந்தது.

"நஞ்சண்ணா, முகத்தைப் பார்த்தா நாம தோத்துட்ட மாதிரி இருக்குதே."

"பாலக்காட்டுக் காத்து, பிரேக் சூடு, வெயில் எல்லாம் கேட்டாச்சு அம்மிணி. இன்னைக்கு ஒரு கேள்விக்காச்சும் நேரா பதில் சொல்லு. சட்டை உன்னைப் புடிக்குதா?"

"இல்லீங்ணா."

"உள்ளதைச் சொல்லு."

"உள்ளதுதான். நல்லா லூசா இருக்குது. மொத ரெண்டு சுத்து மூச்சு இழுத்துப் பார்த்தேன். முதுகு ஏறறது எனக்கே தெரிஞ்சுது. காத்து வந்து அதுல இடிக்குது, வண்டி தயங்குது. அப்புறம் நானே நிறுத்திக்கிட்டேன்."

"நீயேவா?"

"அடுத்தவங்க மூக்கைப் பொத்தினா பயமா இருக்கும். நாமளே பொத்திக்கிட்டா அவ்வளவா பயமில்லீங்ணா. முந்நூறு தாண்டிட்டேன், பார்த்தீங்கல்ல?"

அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நஞ்சப்பன் படிவத்தைப் பார்த்தான். ஆம். இல்லை. மூன்றாவது கட்டம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நான் இதுல என்ன எழுதட்டும்?"

"கேட்டதுக்குப் பதில் எழுதுங்க. சட்டை புடிக்குதான்னு கேக்கறாங்க. புடிக்கலை." அவள் எட்டி அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அங்க பாருங்க, செவுத்தோரம் பதினாலு பேரு நிக்கறாங்க. நீங்க 'ஆம்'னு போட்டா எல்லாரும் வீட்டுக்குப் போகணும். பொய் சொல்லி என்னை எறக்கறதா இருந்தா எறக்குங்க."

பொய் சொல்லத்தான் நினைத்தான். ஒரு நிமிடம் பேனா முதல் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பிறகு இல்லை என்பதில் கோடு போட்டுக் கையெழுத்திட்டான். அந்தப் பெண் வந்து வாங்கி, சரிபார்த்து, நன்றி சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

தூரத்தில் ஓட்டுநர்களை அழைக்கும் மணி அடித்தது. ஜெசிந்தா எழுந்து கழுத்துப் பூட்டைச் சரிசெய்தாள். அவளுடைய முதுகை நஞ்சப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். எதற்காகப் பார்க்கிறோம் என்று அவனுக்குச் சற்று நேரம் தெரியவில்லை. தெரிந்தபோது, அது எப்போது ஏறும் என்று நொடிகளை எண்ண ஆரம்பித்தான். ஆறு. ஏழு. எட்டு.

"ஜெசிந்தா."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பினாள்.

"இன்னைக்கோட முடிஞ்சுது. நாளைக்கு இந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டா, பழையபடி ஆயிடுவியா?"

அவள் வழக்கம் போல வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு வேடிக்கை நாக்கு நுனி வரைக்கும் வந்தது தெரிந்தது. அதை விட்டுவிட்டாள்.

"ஆகலீங்ணா," என்றாள். "மழைக்கு மூணு நாள் வீட்டுல இருந்தேன்ல, அப்ப கழட்டித்தான் கெடந்துச்சு. சனிக்கெழமை சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. ஒரு அடி முடிஞ்சதும் எல்லாரும் மூச்சு இழுத்தாங்க. நான் இழுக்கலை. அடக்கலீங்ணா, அடக்கினாத் தெரியுமே. இழுக்கணும்னே தோணலை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல நின்ன ஸ்டெல்லாக்கா பார்த்துட்டுக் கையில கிள்ளினாங்க. கிள்ளினப்புறந்தான் இழுத்தேன்."